கல்குவியல் வரை

இரண்டாவது கல் சாந்தோஸின் குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து தெறித்தது.

"நிக்காதே! ஏறு!"

கீழே நின்ற ஹசிந்தா கம்பளிக் கவணில் அடுத்த கல்லை வைத்துக்கொண்டிருந்தாள். ஒட்டகச் சாயல் கொண்ட லாமா மந்தையை மேய்க்கிற கவண் அது. கட்டிய கணவன் மீது அவள் அதைச் சுழற்றுவது இது ஆறாவது நாள்.

சாந்தோஸ் பத்தடி தூரம் ஓடினான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கணவாயின் உச்சியில், வழிப்போக்கர்கள் ஆளுக்கொன்றாகப் போட்டுச் சேர்ந்த கல்குவியல் வந்ததும் வழக்கம்போலச் சரிந்து உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கில் பனிமாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம் தெரியும். அவன் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

ஹசிந்தா ஏறி வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு மணி பத்து நிமிஷம். போன வருஷம் இதே ஏத்தத்தை ஒண்ணேகால் மணியில ஏறினே."

"போன வருஷம் எனக்கு நுரையீரல்னு ஒண்ணு இருந்துச்சு."

"இப்பவும் இருக்கு. டாக்டரே படம் எடுத்துப் பார்த்துட்டு, ஓடலாம்னு எழுதிக் குடுத்துட்டாரு."

பனிமாதா திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். அன்று விடியற்காலை கோயில் வாசலில் கிளம்பி, நான்கு கணவாய்களை ஏறி இறங்கி, அறுபது கிலோமீட்டர் ஓடி, இருட்டுவதற்குள் அதே வாசலுக்குத் திரும்ப வேண்டும். சாந்தோஸ் ஏழு முறை ஓடியவன். மூன்று முறை முதலில் வந்தவன்.

ஏப்ரலில் நிமோனியா வந்து நகரத்து ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தான். அதில் நான்கு நாள் தொண்டையில் குழாய். வீடு திரும்பியபோது இரண்டு படி ஏறவே சுவரைப் பிடித்தான். அப்படிப்பட்டவனைக் கேட்காமலேயே இந்த வருடப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்து வந்தவள் ஹசிந்தா.

"என்னைக் கொன்னுட்டுத்தான் விடுவியா?" என்றான் சாந்தோஸ்.

"நீ ஓடலைன்னாதான்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கவணைக் கையில் சுற்றினாள்.

மறுபக்கச் சரிவிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஏழெட்டு லாமாக்களை முன்னால் விட்டு, அடுத்த வீட்டுத் தொரோத்தேயோ வந்துகொண்டிருந்தான்.

"என்ன மதினி, மந்தையில லாமா பத்தலைன்னு அண்ணனையும் சேர்த்து மேய்க்கிறீங்களா? பன்னிரண்டு வருஷமா 'ஓடாதே, ஓடாதே'ன்னு ஊரே கேக்கக் கத்துனீங்க. ஒரு தடவை அவரு ஷூவைத் தூக்கி அடுப்புல போட்டீங்க. இப்ப என்ன, மந்திரத்தையே மாத்திட்டீங்களா?"

"உன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போ, தொரோத்தேயோ."

"போறேன், போறேன். அண்ணனுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கு." அவன் களைப்புக்கு மெல்லுகிற கோக்கா இலையில் ஒரு பிடி எடுத்து, சாந்தோஸ் கையிலிருந்த தொப்பியில் போட்டான். "ஞாயித்துக்கிழமை கறுப்பு லாமா கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிருச்சு மதினி. அண்ணன்தான் ரெண்டு மலை தாண்டித் துரத்திப் பிடிச்சிட்டு வந்தாரு. நான் பாதியிலயே மல்லாந்துட்டேன். இவருக்கு மூச்சுகூட வாங்கலை!"

சாந்தோஸ் கண்ணைக் காட்டியது அவனுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே மந்தையோடு இறங்கிப் போனான். மணிச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் ஹசிந்தா கணவன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஆறு நாளா நடிச்சிருக்கே."

அவன் தொப்பியில் இருந்த இலைகளையே பார்த்தான்.

"என்னைக் கல்லெறிய விட்டுட்டு உள்ளுக்குள்ள சிரிச்சியா? சொல்லு! பயமா உனக்கு?"

"பயமெல்லாம் இல்லை. நான் ஓட மாட்டேன் ஹசிந்தா. காரணம் மட்டும் கேக்காதே."

அவளுடைய கோபம் அப்படியே உடைந்தது. தரையில் உட்கார்ந்து முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டாள்.

"அப்ப நீ செத்துருவே," என்றாள். "நிறைவேத்துறதுக்கு முந்தி வெளியே சொன்னா நேர்ச்சை பலிக்காது. தெரியும். இருந்தாலும் சொல்றேன். உனக்குக் குழாய் போட உள்ளே தள்ளிக்கிட்டுப் போனாங்கல்ல, அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல முட்டி போட்டேன். 'பனிமாதாவே, இவனைத் திருப்பிக் குடு. இந்தத் திருவிழாவுக்கே உன் பந்தயத்தை ஓடி முடிச்சு உன் காலைத் தொடுவான்'னு நேர்ந்துக்கிட்டேன். உலகத்துலேயே எனக்குப் பிடிக்காதது அது ஒண்ணுதான். அதைத்தான் அவளுக்குக் குடுத்தேன். அவளும் நம்பி உன் உசுரைக் குடுத்துட்டா. நீ ஓடலைன்னா திருப்பி எடுத்துக்குவா."

சாந்தோஸின் முகத்தில் ரத்தம் வற்றியது. தொப்பி கையிலிருந்து நழுவி, இலைகள் காற்றில் பறந்தன.

"குழாய் போட்ட அன்னிக்கா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"அன்னிக்குத்தான். ஏன்?"

அவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். இந்த முறை அவனுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது.

"பிழைச்சு வந்தா, உனக்காக இனி இந்தப் பந்தயத்துல காலே வைக்க மாட்டேன்னு அன்னிக்கு நானும் அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்டி."