டப்பாவில் இன்னும் கொஞ்சம் இடம்

"தீப்பெட்டியைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு மழையில நடந்த மகானாச்சே நீ! இப்ப உட்கார்ந்து மெழுகு உருக்குறியா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!"

மாமா சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் மெழுகு உருகிக் கிடந்தது. தம்பி தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாக அதில் முக்கி, பழைய செய்தித்தாள் மேல் காய வைத்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க. அவன் மேல தப்பில்லை," என்றாள் அக்கா, கணவரிடம். எதிரே உட்கார்ந்து பஞ்சு உருண்டைகளில் வாசலின் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ இப்படியே சொல்லிக்கிட்டிரு. ஒரு தீப்பெட்டியைக் காப்பாத்தத் தெரியாதவன், நாளைக்கு ஒரு குடும்பத்தை எப்படிக் காப்பாத்துவான்?"

தம்பியின் காது மடல் சிவந்தது.

போன மழைக்காலத்தில் மூவரும் மலையேறப் போயிருந்தார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் ஒரு குகையில் ஒதுங்கினார்கள். உள்ளே காய்ந்த சுள்ளி வேண்டிய மட்டும் கிடந்தது. தீ மூட்டுவது தம்பியின் பொறுப்பு. பைக்குள் கையை விட்டால் தீப்பெட்டி கூழாகியிருந்தது.

சுள்ளிக் குவியலைப் பார்த்துக்கொண்டே மூவரும் இரவு முழுக்க நடுங்கினார்கள். ஊர் திரும்பியதும் அக்காவுக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைக்கிற அளவுக்குப் போய்த்தான் மீண்டாள். இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் இருமுவாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். அன்றிலிருந்து அவன் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் அதே மலை. அக்காவின் பிடிவாதம்தான். தம்பி வரமாட்டேன் என்று ஆன மட்டும் சொல்லிப் பார்த்தான்.

"நீ வரலைன்னா நானும் போகலை. நெருப்புச் சாமானை நீதான் கட்டணும். வேற யாரையும் நான் நம்பத் தயாரா இல்லை," என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. மிட்டாய் வந்த தகர டப்பா ஒன்று, உள்ளங்கை அளவுதான். அதற்குள் மெழுகுக் குச்சிகள், தீப்பெட்டியிலிருந்து வெட்டிய உரசும் பட்டை, வாசலின் பஞ்சு, கட்டை மெழுகுவர்த்தி, ஈரத்திலும் எரியும் என்று சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டுகள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தம்பி அதை வாளித் தண்ணீரில் முக்கினான்.

"மீனுக்குத் தீ மூட்டப் போறானாம்!" என்றார் மாமா.

நன்றாக ஊறவிட்டு, வெளியே எடுத்துப் பிரித்தான். குச்சியை உரசினான். பற்றிக்கொண்டது.

"எரியுதுக்கா!" என்றான். குரல் உடைந்துவிட்டது. "அன்னிக்கு இதைச் செய்யறதுக்கு எனக்கு அறிவு இல்லாமப் போச்சேக்கா. உன்னைச் சாகக் கொடுக்க இருந்தேனே!"

"உளறாதடா. உன் மேல தப்பில்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அவ பிழைச்சதே என்னாலதான்," என்றார் மாமா. "ராத்திரி பூரா என் கோட்டுக்குள்ள அணைச்சு வச்சுக்கிட்டேன். இல்லேன்னா உன் லட்சணத்துக்கு அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும்."

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "மாமா, எதுக்கும் ஒரு லைட்டரும் இருந்தா நல்லது. நீங்க சிகரெட் பிடிச்ச காலத்துல ஒண்ணு வச்சிருந்தீங்களே, அது இருக்கா?"

"அதையெல்லாம் அப்பவே குப்பையில கடாசியாச்சு. உங்க அக்காகிட்ட சத்தியம் பண்ணி விட்டவன்டா நான். விட்டேன்னா விட்டதுதான்!"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

நாற்காலி முதுகில் மாமாவின் மழைக்கோட்டு கிடந்தது. பேச்சை மாற்றுவதுபோல் தம்பி எழுந்து, "இதையும் மடிச்சு வச்சுடட்டுமா மாமா?" என்று கையை நீட்டினான்.

"அதை வை! நானே மடிச்சுக்கறேன்," என்று மாமா பாய்ந்து வாங்கிக்கொண்டார். தொட்டதெல்லாம் தப்பாகிறதே என்று தம்பி மறுபடியும் கூனிக்குறுகிப் போனான்.

சாமான்களைத் துடைத்து ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கினான். மூடப் போனவனை அக்கா தடுத்தாள்.

"இருடா. இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு."

மாமா பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினாள். "குடுங்க."

"என்னத்தை?"

"கோட்டு உள்பையில இருக்கற லைட்டரை."

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தம்பி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"உனக்கு... எப்பத் தெரியும்?" என்றார்.

"குகையிலயே தெரியும். கோட்டுக்குள்ள அணைச்சு வச்சிருந்தீங்களே, ராத்திரி பூரா அது என் விலாவுலதான் குத்திக்கிட்டிருந்துச்சு," என்றாள் அக்கா. "குட்டு உடைஞ்சாலும் பரவாயில்லை, இவ இப்படி நடுங்கறாளேன்னு இப்ப எடுப்பீங்க, இப்ப எடுப்பீங்கன்னு விடியற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன்."