வரியின் கடைசியில்

பனியன் கம்பெனி ஆபீஸில் லேபிள் பிரிண்டர் காலையிலிருந்து வெற்று லேபிளாகவே தள்ளிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தப்பு வந்தா வேலை இல்லைன்னு போன வாரமே சொன்னேன்,” என்றார் மேனேஜர் பூபாலன், லேபிள் விவரம் அடிக்கும் நதியாவைப் பார்த்து. பிறகு சிஸ்டம் பார்க்கும் தரணீதரனிடம், “சாயங்காலம் கன்டெய்னர் கிளம்பணும். லேபிள் ஃபைலைக் கெடுத்தது யாருன்னு பாத்துச் சொல்லுங்க. அவங்க நாளைக்கு வர வேண்டாம்.”

அவர் போனதும் நதியா, “நேத்து சரியாத்தான் அடிச்சு வச்சேன் அண்ணே,” என்றாள்.

தரணீதரன் கறுப்புத் திரையில் ஏதோ தட்டினான். லேபிள் விவரங்கள் வரிவரியாக விழுந்தன. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு தொப்பிக் குறி, பக்கத்தில் ‘எம்’.

“இதென்ன? நான் இதை அடிக்கலையே.”

“யாரும் அடிக்கறதில்லீங்க. விண்டோஸ்ல திறந்து சேவ் பண்ணுனா அதுவா ஒட்டிக்கும். சாதாரணமாப் பாத்தாத் தெரியாது. பிரிண்டர் இருக்கற லினக்ஸ் மிஷின் இதைப் பாத்துத்தான் முழிக்குது.”

“என்னோட மிஷின்?”

“லினக்ஸுங்க. டிசைன்காரங்களுது மேக். ரெண்டும் இதைப் போடாது.”

நதியா மெல்லத் திரும்பினாள். ஆபீஸில் விண்டோஸ் ஒன்றுதான். அறையின் மறுகோடியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மூத்த மெர்ச்சண்டைசர் சித்ரகலாவின் மேசையில்.

“நெனச்சேன். நான் சாத்தூர்ல இருந்து வந்து சேர்ந்த நாள்லருந்து அவங்களுக்கு என்னைக் கண்டா ஆகாது. டீக்குக்கூடக் கூப்பிட மாட்டாங்க. சார்ட்ட போய்ச் சொல்லுங்கண்ணே.”

“இருங்க. திறந்தவங்க என்னத்த மாத்துனாங்கன்னு பாத்துருவோம். நீங்க அடிச்சது உங்க மிஷின்ல இருக்குதுங்களா?”

இருந்தது. வரிக்கடைசியை விட்டுவிட்டு இரண்டு ஃபைலுக்கும் உள்ள மற்ற வித்தியாசத்தை மட்டும் காட்டும்படி ‘டிஃப்’ கமாண்டைக் கொடுத்தான்.

ஒரே ஒரு வரிதான் மாறியிருந்தது.

நதியா அடித்தது: காட்டன் 100.

இப்போது இருப்பது: காட்டன் 95, லைக்ரா 5.

நதியா மேசையில் கிடந்த, அந்த ஆர்டரின் சாம்பிள் பனியனை எடுத்து இழுத்தாள். நீண்டது. விட்டதும் சுருங்கியது; லைக்ரா கலந்த துணிதான்.

“பழைய ஆர்டர் ஃபைலை எடுத்து, அப்படியே நூறுன்னு போட்டுட்டேன்,” என்றாள்.

“நூறுன்னே போயிருந்தா வெளிநாட்டு பையர் மொத்தச் சரக்கையும் திருப்பியிருப்பான்,” என்றான் தரணீதரன், குரலைத் தாழ்த்தி. இன்னொரு கமாண்டில் வரிக்கடைசிக் குறிகளை நீக்கினான். பிரிண்டர் எழுத்தோடு லேபிளைத் தள்ளத் தொடங்கியது.

சத்தம் கேட்டுப் பூபாலன் வந்தார். “யாருன்னு தெரிஞ்சுதா?”

“நாந்தானுங்க சார்,” என்றாள் சித்ரகலா தன் மேசையிலிருந்து, திரையை விட்டு நிமிராமல். “தெரியாம என் மிஷின்ல திறந்து சேவ் பண்ணிட்டேன்.”

பூபாலன் அவள் பக்கம் திரும்பினார்.

“அவங்க எதுக்குத் திறந்தாங்கன்னு நான் சொல்றேன் சார்,” என்று எழுந்தாள் நதியா. பனியன் இன்னும் அவள் கையில் இருந்தது.