நல்ல படம்

ராஜபாளையம் மில்லில் தேவநேசனுக்கு நைட் ஷிப்ட். காலையில் வீடு வந்து சாப்பிடுவான். உடனே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் படம் பார்க்கக் கிளம்பிவிடுவான். தினமும்.

இன்று அவன் மனைவி இன்பமும் பகலெல்லாம் ஓடும் தையல் மிஷினை மூடி, அந்த ஒற்றை அறை வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு பஸ் ஏறினாள்.

“யாரு கூடத்தான் படம் பாக்கீங்கன்னு நானும் பாக்கணும்.”

“ஏட்டி, ஒத்தையிலதான் போறேன்.”

“சரி, திங்கக்கிழமை போன பேய்ப் படம் எப்படி?”

“மோசம். திடீர் திடீர்னு அலறுதாங்க.”

“சண்டைப் படம்?”

“அதைவிட மோசம். எம்புட்டு வெடி!”

“காதல் படமாவது?”

“முதல் பாதி தங்கம். பொறவு ஊரே கூடி ஆடுது.”

“நல்ல படமே வரலையாக்கும்?”

“நேத்து பாத்தேனே. அப்பாவும் மகனும் பேசிக்கிறதே இல்ல. அருமையான படம்!”

“ஏன் பேசிக்கல?”

“அது தெரியல.”

கதையே தெரியாமல் ஒருவன் என்ன படம் பார்த்திருப்பான்? இன்பம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

தியேட்டரில் அதே படம்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். விளக்குகள் மெல்ல அணைந்தன. திரையில் சத்தமில்லாமல் மழை பெய்தது. இன்பம் இருட்டில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எந்தப் பெண்ணும் வரவில்லை.

தோளில் ஏதோ கனத்தது. தேவநேசனின் தலை. பெயர் போட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டிருந்தான்.

“மிஷின் நின்னுருச்சா, இன்பம்?” தூக்கத்திலேயே கேட்டான்.

அவள் சுற்றிப் பார்ப்பதை நிறுத்தினாள்.

“நின்னுருச்சு. தூங்குங்க.”

திரையில் மகன் முதல் முறையாக அப்பாவிடம் பேச வாயைத் திறந்தான்.

இன்பம் கணவனின் காதைப் பொத்தினாள்.