நடுவில் விழுந்த பந்து

“நிறுத்தாத. நேரா வீட்டுக்குப் போ” என்றாள் லொய்தா.

அவள் புருஷன் டாமியன் பிரேக்கில் கால் வைத்தபடியே திரும்பிப் பார்த்தான். லுசேனாவில் பிறந்து வளர்ந்த யாரும், சாவு வீட்டிலிருந்து கிளம்பி வரும்போது இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வழியில் எங்காவது இறங்கியாக வேண்டும். காப்பி குடிக்கலாம், சந்தையில் எதையாவது விலை கேட்டுவிட்டு வாங்காமல் வரலாம். பின்னாலேயே வரும் ஆவி அந்தக் கூட்டத்தில் நம்மைத் தவறவிட்டுவிடும்.

“எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க பாரு. ஆளுக்கு ஒரு இலை பன்சித் தின்னுட்டுப் போயிடலாம். எனக்கொண்ணும் பசியில்ல, வீட்டோட நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

பன்சித் கடை வாசலில், துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாழையிலைத் துண்டை முகத்துக்கு நேராகப் பிடித்து, கைபடாமல் நூடுல்ஸை வாயால் வாரிக்கொண்டிருந்தார்கள். ஆவியை ஏமாற்றும் கடமையில் ஒருவரும் குறை வைக்கவில்லை.

“முட்டி வலிக்குது. போ.”

முட்டி என்றால் டாமியன் மறுபேச்சுப் பேசுவதில்லை. நாட்டுக்காகத் தேய்ந்த முட்டி. வெண்கலப் பதக்கத்தை அலமாரியில் பூட்டிவைக்க முடிந்தது, முட்டியைத்தான் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று லொய்தாவே சொல்லிச் சிரிப்பாள்.

மோட்டார் பைக்கில் சைட்கார் பூட்டிய அந்த டிரைசிக்கிள் நகர்ந்தது. சைட்காரில் அவள் வழக்கம்போல வலது ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸிலும் விமானத்திலும் பதக்க மேடையிலும்கூட அவளுக்கு வலப்பக்கம்தான். இடப்பக்கம் பெர்லித்தாவுடையது.

ஊர் கிளப்பின் சிப்பித்தூள் பரப்பிய டென்னிஸ் கோர்ட்டில் பெரிய மனிதர்கள் அடித்த பந்தைப் பொறுக்கிப்போட்ட இரண்டு பெண்கள் அவர்கள். பெரிய மனிதர்கள் பீருக்குப் போனதும், அவர்களுடைய மட்டையை எடுத்து ஆடிப் பழகினார்கள். தனி ஆட்டத்தில் இருவருமே சுமார்தான். சேர்ந்து நின்றால் தோற்கடிக்க ஆள் இல்லை. பத்திரிகையில் ‘லொய்தா-பெர்லித்தா’ என்று ஒரே ஆளின் பெயர்போல எழுதினார்கள்.

நாட்டுக்காக ஆடப் போன ஜகார்த்தாவில், ஓட்டல் அறையில் இருவரும் கருவாடு வறுக்க, புகைமணி அலற, மேனேஜர் மேலே ஓடிவந்தார். பெர்லித்தா முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, “எங்க ஊர்ல இது ஜெபம், சார்” என்றாள்.

மறுநாள் அரையிறுதி. கடைசிப் பந்து இருவருக்கும் நடுவில் வந்தது.

“உன்னோடது” என்றாள் லொய்தா.

“உன்னோடது” என்றாள் பெர்லித்தா, அதே நொடியில்.

பந்து ரொம்ப மரியாதையாக இருவருக்கும் நடுவே போய், குதித்து, பின்வேலியில் மோதியது.

முதலில் மன்னிப்புக் கேட்பது மற்றவளின் முறை என்று இருவருமே நினைத்தார்கள். அதையும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். டாமியன் ஒருமுறை, “யோசிச்சுப் பார்த்தா அது உன் பந்துதான்” என்றான். அந்த வாரம் முழுக்க முன்னறையில் பூனையோடு படுத்தான்.

ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. மாகாணப் போட்டி, அப்புறம் மூத்தோர் போட்டி. கோர்ட்டில் ‘என்னோடது’, ‘உன்னோடது’, ‘அவுட்’. கோர்ட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை கிடையாது.

சனிக்கிழமை காலையில் பெர்லித்தா மோட்டார் பைக்கில் லொய்தா வீட்டு கேட் வரை வருவாள். ஹாரன் அடிப்பாள். மழை கொட்டினாலும் உள்ளே வரமாட்டாள். உள்ளே லொய்தா இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றி வைத்திருப்பாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் தானே குடித்துவிட்டுக் கிளம்புவாள். முதல் செட்டில் அவள் சர்வீஸ் ஏன் இப்படி நடுங்குகிறது என்று யாருக்கும் புரிந்ததில்லை.

போன புதன்கிழமை சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பெர்லித்தா சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சவப்பெட்டியில் அவள் விரல்களில் சுற்றியிருந்த ஜெபமாலையின் நூலை அறுத்திருந்தார்கள். அறுக்காவிட்டால் சாவு அந்த வீட்டில் அடுத்த ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். பக்கத்தில் அவள் மட்டை. அதன் நரம்புகளும் அறுந்து தொங்கின.

“இதுலயும் நூல் இருக்கே, அக்கா” என்றாள் பெர்லித்தாவின் தங்கை. “எதுக்கு வம்புன்னுதான்.”

அதுவரை அழாத லொய்தா, அந்த நரம்புகளைப் பார்த்து அழுதாள்.

வழியனுப்ப அந்த வீட்டார் யாரும் எழுந்து வரவில்லை. வரவும் கூடாது, அது சாவு வீட்டு வழக்கம். வாசலில் அவள் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

இப்போது வண்டி வீட்டு கேட்டில் நின்றது. டாமியன் இறங்கிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

“ஒரு டீக்கடையிலயாவது நிறுத்தியிருக்கலாம். நம்ம பின்னாடியே வந்திருந்தா?”

லொய்தா சைட்காரிலிருந்து இறங்கினாள். கேட்டை முழுசாகத் திறந்தாள். வீட்டுக் கதவின் இரண்டு பக்கங்களையும் தள்ளித் திறந்துவைத்தாள். வலது ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

இடப்பக்கமாக நுழையப் போன டாமியனின் நெஞ்சில் கைவைத்து நிறுத்தினாள்.

“இரு. நீ அப்புறம் வா.”

அவன் வெயிலில் நின்றான். அவள் கொஞ்சம் பொறுத்து, பக்கத்தில் யாரோடோ சேர்ந்து நடப்பதுபோல மெதுவாக உள்ளே போனாள்.

அடுப்படியில் இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றினாள்.

இன்று ஒன்றைத்தான் குடித்தாள்.