பழக்கிவிட்ட குரல்

புகார் கொடுக்கப் போகிற மகளை ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பழக்கினாள் மரகதம். "அழுதா மதிக்க மாட்டாங்கடி. நிமிர்ந்து நின்னு பதறாம சொல்லு." ஒன்பதாவது படிக்கும் சுடர்விழி, கணக்கு வாத்தியார் செய்த அசிங்கத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கக் கற்றுக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துப் புகார் அறையில் மனுஷர்கள் கிடையாது, மெஷின்தான். அவள் மணிக்கட்டில் பட்டையைக் கட்டி நாடியையும் குரலையும் அளந்தது. பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள்.

"நடுக்கம் இல்லை. புகார் பொய்."

பொய்ப் புகார் என்றால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுநாள் காலை பிரேயரில் அதே பட்டையைக் கட்டி, அந்த வாத்தியார் பக்கத்திலேயே அவளை நிறுத்தினார்கள்.

"பயப்படாம சொல்லும்மா" என்று அவள் தோளில் கை வைத்தார் அவர்.

சுடர்விழிக்குக் கைகால் வெடவெடத்தது. "மன்னிச்சிருங்க சார்" என்பதற்குள் குரல் உடைந்து போனது.

"இப்பப் பாருங்க! எம்பொண்ணு எப்படி நடுங்குறா பாருங்க!" என்று கூட்டத்திலிருந்து கத்தினாள் மரகதம்.

மெஷினும் பார்த்தது.

"நடுக்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மன்னிப்பு உண்மையானது."

பள்ளிக்கூடமே கைதட்டியது.