துப்பாக்கிக் கண்ணாடியின் மூடி

எங்கள் மரவள்ளிக் கொல்லையில் காட்டுப்பன்றி தின்றது போக ஒரே ஒரு பாத்திதான் மிச்சம். உச்சி வெயிலில் அதிலும் பன்றி வந்து நின்றது. மைத்துனர் தில்லைநாயகம் துப்பாக்கியைத் தூக்கி, மேலே பொருத்தியிருந்த தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். அதன் முன்மூடியைக் கழற்ற மறந்திருந்தார்.

"இருட்டிப்போச்சு மாமா" என்றார்.

அவர் சொல்லை ஊரில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. பன்றியும் பேசவில்லை. ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, அந்தப் பாத்தியிலேயே சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தது.

"மூடியைக் கழட்டாம எப்படி மாப்ளே குறி பார்ப்பீங்க?" என்று மெதுவாகக் கையை நீட்டினேன்.

தில்லைநாயகம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க மாமா. விடிஞ்சா முழிச்சுக்கும்."