சாதி கேட்ட மெட்டில்டா

“வீடு வீடாப் போய்ச் சாதி கேட்டியாமே! உனக்கு வெட்கமா இல்லை?”

செயலாளர் தேவானந்தம் போட்ட சத்தம் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். திருச்சபையின் சகாய சங்கத்து டைப்பிஸ்ட் மெட்டில்டா எழுந்து நின்றாள். தலையை மட்டும் குனியவில்லை.

“ஆமா சார், கேட்டேன். தையல் மிஷின் வாங்கினவங்க, மனுப் போட்டும் கிடைக்காதவங்க, எல்லாரையும் கேட்டேன்.”

“நேத்து ஜெபக் கூட்டத்துல ஆளாளுக்கு என்னைப் பிடிச்சிக்கிட்டாங்க. கிறிஸ்துவுக்குள்ள சாதி ஏதும்மா? போதகர் வீட்டுப் பொண்ணு நீ. உன் வாயில அந்த வார்த்தை வரலாமா?”

யார் கேட்டாலும் அவர் பக்கம்தான் நியாயம் என்பார்கள். பக்கத்து மேஜை கணக்கர் எட்மண்ட்கூட, இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று உச்சுக் கொட்டினார்.

வேலை வைத்தது ஜெர்மனிக்காரர்கள். ஏழைப் பெண்களுக்கு இலவசமாக மிஷின் வாங்கிக் கொடுக்கப் பணம் அனுப்புகிறவர்கள், இந்த 1973-ல் புதிதாக ஒரு படிவமும் அனுப்பியிருந்தார்கள். மனுப் போட்டவர் பெயர், வயது, வருமானம், சாதி, மிஷின் கிடைத்ததா இல்லையா என்று வரிசையாகக் கட்டங்கள். ரொம்பவும் கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவி போய்ச் சேருகிறதா என்று தெரிய வேண்டுமாம்.

“சாதிக் கட்டத்துல எல்லாருக்கும் ‘இல்லை’ன்னு டைப் அடிச்சிடுன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?”

“இருக்கிறதை இல்லைன்னு எப்படி சார் அடிக்கிறது?”

தேவானந்தம் மேஜையை ஓங்கித் தட்டினார். “எதிர்த்தா பேசறே? அந்தக் கட்டத்தையே எடுத்துட்டு வேற லிஸ்ட் அடி. முடியாதுன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

மெட்டில்டாவின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஆனாலும் அமலராணியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. திருநீர்மலைப் பக்கம் குவாரியில் ஜல்லி உடைப்பவள். தையல் நன்றாகத் தெரியும். மூன்று வருஷமாக மனுப் போடுகிறாள், மூன்று வருஷமாக ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்ற தேவானந்தத்தின் பதிலோடு திரும்பிப் போகிறாள். அவளிடம் சாதி கேட்க மெட்டில்டா கூசிக்கொண்டு நின்றபோது அவள்தான் சிரித்தாள்.

“ஊருக்கே தெரிஞ்சிகினு கீது. உன் பேப்பருக்கு மட்டும் இன்னாத்துக்கு மறைக்கணும்? எழுதிக்கோம்மா.”

மெட்டில்டா நிமிர்ந்து பார்த்தாள். “வேற லிஸ்ட் அடிக்க மாட்டேன் சார்.”

“அப்ப அந்த லிஸ்டைக் குடு. கிழிச்சுப் போடறேன்.”

“அது காலையிலேயே தபால்ல போயிடுச்சு. விவரம் சேகரித்தவர்னு நானே கையெழுத்துப் போட்டேன். கார்பன் காப்பிதான் இருக்கு.”

“யாரைக் கேட்டு அனுப்பினே?”

“அமலராணியைக் கேட்டு அனுப்பினேன்.”

எட்மண்டின் பேனா பாதியில் நின்றது. தேவானந்தம் பாய்ந்து காப்பியைப் பிடுங்கினார். மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். அதுவரை கூரையைத் தொட்ட குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

மனுப் போட்டவர்கள் எண்பத்தொரு பேர். அதில் எத்தனையோ சாதிகள். மிஷின் கிடைத்தவர்கள் இருபத்தேழு பேர். அந்த இருபத்தேழு பெயருக்கு நேராகவும் ஒரே சாதி.

எட்மண்ட் காதில் விழாதபடி குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் தேவானந்தம்:

“பாவி! நம்ம சாதிக்காரங்களை நீயே காட்டிக் குடுத்துட்டியேம்மா!”